முதற்படத்தை மிஞ்சிய வழிப்படம்: ‘ட்ரெட்’ (2012) திரைப்படத்தில் வன்முறையும் காலமும்

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானிய வரைகதை நாயகனான ஜட்ஜ் ட்ரெட் இருமுறை திரைக்கு வந்துள்ளான். டேனி கேனன் இயக்கிய ‘ஜட்ஜ் ட்ரெட்’ 1995இலும், அலெக்ஸ் கார்லண்ட் எழுத்தில் பீட் டிராவிஸ் இயக்கிய ‘ட்ரெட்’ 2012இலும் வெளியாயின. பின்னது முன்னதைவிடச் சிறந்தது என்பதில் திறனாய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் எந்த வகையில் சிறந்தது, அச்சிறப்பு எதை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. வன்முறையைக் காட்டும் முறையிலும் காலத்தைக் கையாளும் முறையிலும் 2012ஆம் ஆண்டுப் படம் அடைந்த மேம்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மேம்பாட்டின் எல்லையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மறுவாக்கம், தழுவல், வழிநூல், அறிவியல் புனைவு, வன்முறை, மெதுவியக்கம், அங்கதம்.

மறுவாக்கம் என்னும் சொல் பொருந்துமா?

முதலில் எழக்கூடிய தடை ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டுப் படம் 1995ஆம் ஆண்டுப் படத்தின் மறுவாக்கம் அன்று. இரண்டும் ஒரே வரைகதையிலிருந்து தனித்தனியே பிறந்த தழுவல்கள் என்பர். கதை, எதிர்நாயகர், களம் ஆகிய எதுவும் இரண்டுக்கும் பொதுவில்லை என்பது உண்மையே. மறுவாக்கம் குறித்து 1990இல் எழுதிய தாமஸ் லீட்ச், மறுவாக்கப்படம், முந்தைய படம், இரண்டிற்கும் மூலமான படைப்பு ஆகிய மூன்றுக்கும் இடையில் ஒரு முக்கோண உறவு நிலவுவதாகக் காட்டினார். அவருடைய பகுப்பின்படி, முந்தைய படத்தைப் புறக்கணித்து மூலப்படைப்பை நோக்கித் திரும்பும் படம் மறுதழுவல் எனப்படும். அவ்வளவில் ‘ட்ரெட்’ ஒரு மறுதழுவலே.

ஆனால் புறக்கணித்தலும் ஓர் உறவுதான். இப்படத்தின் ஒவ்வொரு முடிவும் 1995ஆம் ஆண்டுப் படத்தை நினைவில் வைத்தே எடுக்கப்பட்டுள்ளது. தொடக்கக் காட்சியில் ட்ரெட் தலைக்கவசத்தை அணிகிறான். அவன் முகம் இருளில் இருக்கிறது. நாம் காண்பது புறவடிவத்தை மட்டுமே. அதன்பின் படம் முடியும்வரை கவசம் கழற்றப்படுவதில்லை. முந்தைய படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரும்பகுதியும் முகம் தெரிய நடித்ததை அறியாத பார்வையாளருக்கு இது வெறும் உடைமாற்றக் காட்சி. அறிந்தவருக்கோ இது ஒரு மறுப்புரை. முந்தைய படைப்புக்கு மறுப்பாக நிற்கும் படைப்பை அதனோடு தொடர்பற்றது என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியல் ஒரு வகையில் கைகொடுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக அது வகுக்கிறது. இவ்வகைப்பாடு நூலுக்கு உரியது. திரைப்படத்தை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அதை எல்லா இடத்திலும் வலிந்து பொருத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனினும், மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் கேளாமல் மூலத்தை என்ன செய்திருக்கிறது என்று கேட்கும் அதன் முறை நம் சிக்கலுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. இவ்விரு படங்களில் முன்னது விரித்தல், பின்னது தொகுத்தல். வேறுபாட்டின் வேர் இங்கேயே இருக்கிறது.

முதனூல் எது என்பதும் அவ்வளவு தெளிவானதன்று. ஜான் வாக்னர் எழுத, கார்லோஸ் எஸ்குவெரா வரைந்து உருவாக்கிய ஜட்ஜ் ட்ரெட், ‘2000 ஏடி’ வார இதழில் 1977இல் தோன்றினான். அவன் பிறப்பிலேயே திரைப்படத்தின் சாயல் உண்டு. ‘டர்ட்டி ஹாரி’ (1971) காட்டிய இரக்கமற்ற காவலனே அவனுக்கு முன்மாதிரி. திரையிலிருந்து வரைகதைக்குச் சென்ற ஒருவன் மீண்டும் திரைக்கு வந்திருக்கிறான். ஆகவே ‘மூலத்துக்கு உண்மையாயிருத்தல்’ என்னும் அளவுகோலை மட்டும் கொண்டு இப்படத்தைப் போற்றுவது போதாது.

1995: சட்டத்தைக் காப்பாற்றிய கதை

கேனனின் படத்தை எள்ளி நகையாடுவது எளிது. அதன் அரங்க அமைப்பு குறைகூற முடியாதது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பப்பட்ட மெகா-சிட்டி ஒன், வரைகதை ஓவியங்களின் நெரிசலையும் வண்ணத்தையும் பின்னைய படத்தைவிட நெருக்கமாகவே பிடித்திருக்கிறது. பழைய போர் எந்திரனின் வடிவமைப்பு இன்றும் வியக்கத்தக்கது. தோற்றத்தில் மூலத்தோடு ஒன்றியிருந்தும் அப்படம் தோற்றது என்பதே கவனத்துக்குரியது.

ஸ்டலோன் கவசத்தைக் கழற்றியதே தோல்விக்குக் காரணம் என்று வரைகதை அன்பர்கள் சொல்வதுண்டு. அது காரணமன்று, அறிகுறி. கதையமைப்பைக் கவனித்தால் உண்மைக் காரணம் தெரியும். ட்ரெட் செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்படுகிறான். அவனுடைய மரபணுவையே பகிர்ந்துகொண்ட ரிக்கோ அக்கொலையைச் செய்திருக்கிறான். கிரிஃபின் என்னும் மூத்த ஜட்ஜ் சதியின் பின்னணியில் இருக்கிறான். சதி முறியடிக்கப்பட்டதும் நகரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பிடிப்பதும் தீர்ப்பளிப்பதும் கொல்வதும் ஒரே ஆளின் கையில் இருக்கும் ஏற்பாடு தவறானதா என்னும் கேள்வியை இக்கதை கேட்பதேயில்லை. ஏற்பாடு நல்லது, தீயவர் சிலர் அதைக் கெடுத்துவிட்டனர் என்பதே அதன் விடை. நாயகன் சட்டத்தின் கையில் துன்புற்றபின் அதே சட்டத்தின் காவலனாகவே திரும்பி வருகிறான். அவன் பெற்ற துன்பம் அவன் பிறர்க்கு வழங்கிய தண்டனைகளைப் பற்றி அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை.

இதனோடு விரித்தலின் சுமையும் சேர்கிறது. குளோன் திட்டம், பாலைநிலத்து நரமாமிசக் குடும்பம், தலைமை நீதிபதியின் நெடும்பயணம், ராப் ஷ்னைடரின் நகைச்சுவை, சுதந்திர தேவி சிலையில் இறுதிச் சண்டை எனப் பல ஆண்டு வரைகதையின் செய்திகள் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைக்கப்பட்டுள்ளன. ஒரு காட்சியில் சாவு பெருந்துயரம். அடுத்த காட்சியில் அது வேடிக்கை. இயக்குநருக்கும் நாயகருக்கும் படத்தின் தொனி குறித்து வேறுபாடு இருந்ததாகப் பின்னர் இருவர் பக்கமிருந்தும் செய்திகள் வந்தன. அவற்றை அறியாமலே அவ்வேறுபாட்டைத் திரையில் காணலாம்.

தொகுத்தல்: ஒரு கட்டடம், ஒரு நாள்

கார்லண்டின் திரைக்கதை எண்பது கோடி மக்கள் வாழும் நகரில் ஒரேயொரு கட்டடத்தைத் தேர்கிறது. இருநூறு மாடிகள் கொண்ட பீச் ட்ரீஸ் என்னும் அக்குடியிருப்பில் மூவர் தோலுரிக்கப்பட்டு மேலிருந்து வீசப்படுகின்றனர். விசாரிக்க வரும் ட்ரெட்டும் (கார்ல் அர்பன்), தேர்வுநிலையில் உள்ள ஆண்டர்சனும் (ஒலிவியா தர்ல்பி) உள்ளே சிக்கிக்கொள்ள, குடியிருப்பை ஆளும் மா-மா (லீனா ஹெடி) அதன் கதவுகளை அடைத்துவிடுகிறாள். மேடலின் மாட்ரிகல் என்பதன் சுருக்கமே மா-மா. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் வேறொரு உறவுமுறையாக ஒலித்து முதல் சில நிமிடங்கள் சிரிப்பூட்டும். ஹெடியின் அமைதியான, களைத்த குரல் அச்சிரிப்பை விரைவில் அடக்கிவிடுகிறது.

கதை இவ்வளவே. இதே கட்டமைப்பைக் கொண்ட ‘தி ரெய்ட்’ (2011) என்னும் இந்தோனேசியப் படம் முன்னதாகத் திரைக்கு வந்தமையால் ‘ட்ரெட்’ மீது நகல் என்னும் பழி சுமத்தப்பட்டது. இரண்டின் ஆக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் அப்பழி நிற்காது.

தொகுத்தலின் பயன் சிக்கனம் மட்டுமன்று. நகரில் நாளொன்றுக்கு 17,000 கடுங்குற்றங்கள் பதிவாகின்றன. ஜட்ஜுகளால் அவற்றுள் ஆறு விழுக்காட்டுக்கே செல்ல முடிகிறது. எதற்குச் செல்வது என்பதை ட்ரெட் ஆண்டர்சனிடமே விட்டுவிடுகிறான். அவள் பீச் ட்ரீஸைத் தேர்கிறாள். இந்த ஒற்றை உரையாடலால், நாம் காணப்போகும் முழுக் கதையும் ஆறு விழுக்காட்டுள் தற்செயலாக விழுந்த ஒன்று என்றாகிறது. உலகைக் காக்கும் பொறுப்பு இந்நாயகனுக்கு இல்லை. அவன் ஒரு பணிநாளைக் கழிக்கிறான். 1995ஆம் ஆண்டுப் படம் நகரின் ஊழையே தன் நாயகன் தோளில் ஏற்றியதால் பெற முடியாத கனத்தை, இப்படம் அதை இறக்கி வைத்ததால் பெறுகிறது.

படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் நடந்தது. பெருங்கோபுரங்கள் கணினியால் சேர்க்கப்பட்டிருப்பினும், அவற்றின் அடியில் தெரியும் தெருக்களும் வண்டிகளும் இன்றைய உலகத்தவை. எதிர்காலம் தொலைவில் இல்லை என்னும் உணர்வு இதனால் எழுகிறது.

ஸ்லோ-மோ: யாருடைய காலம்?

இப்படத்தின் பெருஞ்சாதனை வன்முறையைக் காட்டும் முறையில் இருக்கிறது. மா-மா தயாரித்து விற்கும் போதைப்பொருளின் பெயர் ஸ்லோ-மோ. உட்கொண்டவரின் மூளை, காலத்தை இயல்பான வேகத்தில் நூறில் ஒரு பங்காக உணரும். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில், நொடிக்கு ஆயிரக்கணக்கான சட்டகங்களைப் பதிவு செய்யும் விரைவுப் படக்கருவிகளைக் கொண்டு இக்காட்சிகளை முப்பரிமாணத்தில் எடுத்தார். குளியல் தொட்டியில் மா-மா கையை உயர்த்த, தெறிக்கும் நீர்த்துளிகள் பொன்மணிகளாக மிதக்கின்றன. அக்காட்சியில் கதை நகர்வதில்லை. பார்வையாளரும் அவளோடு அப்பொருளை உட்கொள்கிறார்.

சண்டைப்படங்களில் மெதுவியக்கம் யாருக்கு உரியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாம் பெக்கின்பா தொடங்கி, ஜான் வூ வழியாக, நம்மூர் நாயக நுழைவுக் காட்சிகள் வரை மெதுவியக்கம் பெரும்பாலும் நாயகனுக்கு வழங்கப்படும் மரியாதை. அவன் நடக்கும்போது உலகம் மெதுவாகிறது. அவன் சுடும்போது குண்டு நமக்குத் தெரிகிறது. காலம் அவனுக்குப் பணிகிறது. ‘ட்ரெட்’ இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. ஜட்ஜுகள் போதைக்கூடத்துக்குள் நுழையும் காட்சியில் காலம் மெதுவாவது சுடுபவனுக்கு அன்று, சுடப்படுபவர்க்கு. அறையில் இருப்போர் ஸ்லோ-மோ மயக்கத்தில் உள்ளனர். குண்டு ஒருவன் கன்னத்தைத் துளைத்து வெளியேறுவதை, குருதி பூப்போல விரிவதை, அவர்களின் மூளை உணரும் நெடிய காலத்தில் நாம் காண்கிறோம். வெளியிலிருந்து நோக்கும் ட்ரெட்டுக்கு அது சில நொடிகளில் முடிந்த வேலை.

அழகு இங்கே எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். சாவு அழகாயிருக்கிறது என்று படம் கூறவில்லை. சாவையும் அழகாகக் காணும்படி ஒரு பொருள் இம்மக்களின் மூளையை மாற்றியிருக்கிறது, அப்பொருளுக்கு இங்கு நல்ல விலை இருக்கிறது என்று கூறுகிறது. கதிரியக்கப் பாழ்நிலத்தின் நடுவே, வேலையின்றி, கட்டடத்தை விட்டு வெளியேற வழியின்றி வாழ்வோர் காலத்தை நீட்டிக்கும் பொருளை வாங்குவது முதலில் புதிராகத் தோன்றும். துன்பத்தை ஏன் நீட்டிக்க வேண்டும்? மா-மாவின் குளியல் காட்சி இதற்கு விடை தருகிறது. நீட்டிக்கப்படுவது ஒரு நொடி. அந்நொடி நீளும்வரை அடுத்த நொடி வருவதில்லை.

இதே பொருள் தண்டனைக் கருவியாகவும் ஆகிறது. தொடக்கத்தில் மூவரை வீசியெறியுமுன் அவர்களுக்கு ஸ்லோ-மோ கொடுக்கப்படுகிறது. இருநூறு மாடி வீழ்ச்சி அவர்களுக்கு எவ்வளவு நீண்டிருக்கும் என்பதைப் பார்வையாளரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இறுதியில் ட்ரெட் மா-மாவுக்கு அதையே கொடுத்து அதே வழியில் வீழ்த்துகிறான். அவளது வீழ்ச்சி படத்தின் மிக அழகிய காட்சி. ஒளித்துகள்கள் மிதக்கின்றன, கூந்தல் அலைகிறது, தளம் மெல்ல நெருங்குகிறது. சட்டம் தன் எதிரியின் முறையைக் கடன் வாங்கியிருப்பதை எந்த வசனமும் சுட்டவில்லை. முதல் வீழ்ச்சியையும் கடைசி வீழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குச் சுட்டவும் தேவையில்லை. இவ்விணைப்பில் பால் லியனார்ட்-மார்கனின் இசைக்கும் பங்குண்டு. சண்டைகளில் உலோகம்போல் அறையும் அவ்விசை, ஸ்லோ-மோ காட்சிகளில் மட்டும் ஏறத்தாழ வழிபாட்டு இசையாகிறது.

முந்தைய படத்திலும் கொலைகள் ஏராளம். அங்கே அவை எண்ணிக்கை. யாருடைய அனுபவமும் அல்ல. இரண்டாவது படம் கூடுதல் குருதியைக் காட்டியதால் மேம்படவில்லை. குருதிக்கு ஓர் உடைமையாளரைத் தந்ததால் மேம்பட்டது.

ஆண்டர்சனும் நிழற்படமும்

ட்ரெட்டின் முகத்தை மறைத்த திரைக்கதை, மனித முகத்தின் வேலையை ஆண்டர்சனிடம் ஒப்படைத்திருக்கிறது. அவள் பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றல் கொண்டவள். அதற்குத் தடை என்று கூறி அவள் தலைக்கவசம் அணிவதில்லை. கதையின் தேவையும் நடிகையின் முகமும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறியிருப்பது திரைக்கதையின் நுட்பங்களுள் ஒன்று.

அடிபட்டுக் கிடக்கும் ஒருவனை, ட்ரெட்டின் முன்னிலையில், தயங்கியபின் அவள் சுட்டுக் கொல்கிறாள். அது சட்டப்படியான தண்டனை. சிறிது நேரத்தில் தப்பிக்க வழிதேடி ஒரு வீட்டுக்குள் நுழைகின்றனர். குழந்தையோடு இருக்கும் பெண்ணொருத்தி வழிகாட்ட இசைகிறாள். சுவரிலிருந்த நிழற்படத்தை ஆண்டர்சன் பார்க்கிறாள். சற்றுமுன் தான் கொன்றவன் அதில் இருக்கிறான். அவள் எதுவும் சொல்வதில்லை. காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. ஆனால் பிடித்தல், தீர்ப்பு, கொலை ஆகிய மூன்றையும் சில நொடிகளில் முடித்துவிடும் ஏற்பாட்டில் எது விடுபட்டுப் போகிறது என்பது இங்கே தெரிகிறது. தீர்ப்புக்கும் கொலைக்கும் நடுவே, கொல்லப்படுபவனுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை அறிவதற்கான காலம் இல்லை. ஸ்லோ-மோ நீட்டிக்கும் காலத்துக்கும் சட்டம் சுருக்கும் காலத்துக்கும் உள்ள இந்த எதிர்நிலையே, என் வாசிப்பில், படத்தின் உள்ளமைப்பு.

பின்னர் மா-மாவிடம் வதைபட்டுப் பணிசெய்யும் கணினித் தொழில்நுட்பனை (டோனல் கிளீசன்) ஆண்டர்சன் விடுவித்துவிடுகிறாள். அவன் குற்றவாளி அல்லன், பாதிக்கப்பட்டவன் என்பது அவள் தீர்ப்பு. அப்போது அவளுடைய துப்பாக்கி பறிபோயிருக்கிறது. ஆயுதத்தை இழந்தால் தேர்வில் தோல்வி என்பது விதி. தான் ஏற்கெனவே தோற்றுவிட்டேன் என்னும் எண்ணமே அவளுக்கு அத்தீர்ப்பை வழங்கும் உரிமையைத் தருகிறது. படத்தில் யாரும் செய்யும் ஒரே சுதந்திரமான செயல் இது. பதவியைப் பற்றிய நம்பிக்கை அற்றுப்போன பின்பே அது செய்யப்படுகிறது.

இழந்தது

மேம்பாடு என்று கூறும்போது இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூல வரைகதை ஓர் அங்கதம். ட்ரெட் நாயகனும் கேலிப்பொருளும் ஆவான். சிறு குற்றங்களுக்கும் கடுந்தண்டனை வழங்கும் அவன் கண்டிப்பைப் படிப்பவர் சிரித்துக்கொண்டே அஞ்ச வேண்டும். 2012ஆம் ஆண்டுப் படத்தில் அந்தச் சிரிப்பு ஏறத்தாழ இல்லை. எச்சங்கள் சில உண்டு. பிணங்கள் அகற்றப்படும்போது உணவரங்கு விரைவில் திறக்கப்படும் என்னும் அறிவிப்பு கேட்கிறது. பீச் ட்ரீஸ் வாயிலில் அமர்ந்திருக்கும் வீடற்றவனிடம், தான் திரும்பும்போது இங்கே இருக்கக் கூடாது என்று ட்ரெட் எச்சரித்துச் செல்கிறான். கட்டடத்தின் காப்புக்கதவு இறங்கும்போது அவன் அங்கேயே நசுங்குகிறான். வரைகதையின் முழுக் குணமும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. மேலும் சில இருந்திருக்கலாம்.

அங்கதம் குறையும்போது படம் நம்பத்தக்கதாகிறது. நம்பத்தக்கதாகும்போது ஒரு தீங்கும் நேர்கிறது. 1995ஆம் ஆண்டு ட்ரெட்டைப் பார்த்து யாரும் இவனைப் போன்ற காவலர் வேண்டும் என எண்ணியிருக்க மாட்டார். கார்ல் அர்பனின் ட்ரெட்டைப் பார்த்து அவ்வாறு எண்ணுவது எளிது. அவன் பொய் சொல்வதில்லை, இலஞ்சம் வாங்குவதில்லை, ஆயுதம் ஏந்திய சிறுவர் இருவரைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்கிறான். விலைபோன நால்வர் ஜட்ஜுகளைப் படம் கொண்டுவருவதும் இவன் தூய்மையை மிகுவிக்கவே உதவுகிறது. இவ்விடத்தில் அது முந்தைய படத்தின் பிழையையே சிறிய அளவில் மீண்டும் செய்கிறது. தீயவர் சிலர் கெடுத்துவிட்டனர் என்னும் பழைய விடை பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ‘காக்க காக்க’ (2003) போன்ற படங்களில் என்கவுன்ட்டரைக் கைதட்டி வரவேற்ற அரங்குகளையும், அதற்கு மறுமொழியாக ‘விசாரணை’ (2015), ‘வேட்டையன்’ (2024) போன்றவை எழுந்ததையும் அறிந்த தமிழ் ஆய்வாளர் இதைக் கடந்து போக முடியாது. கலைத்திறத்தில் மேம்பட்ட படம் அறநோக்கிலும் மேம்பட்டதாகத்தான் இருக்கும் என்று கொள்ள இயலாது. ‘ட்ரெட்’ முதலாவதில் ஐயமின்றி மேம்பட்டது. இரண்டாவதில் ஆண்டர்சன் வரும் இடங்களில் மட்டும் மேம்பட்டது.

இறுதிக்காட்சி இதற்குச் சான்று. தன் இதயத் துடிப்பு நின்றால் மேல்மாடிகளில் வைத்த வெடிகள் வெடிக்கும் என்கிறாள் மா-மா. அவள் மணிக்கட்டில் உள்ள கருவியின் குறிப்பலை இத்தனை காங்கிரீட் தளங்களைக் கடந்து மேலே எட்டாது என ட்ரெட் கணக்கிட்டு அவளைக் கீழே வீசுகிறான். கணக்கு தவறியிருந்தால் ஆயிரக்கணக்கானோர் இறந்திருப்பர். அவர்களை யாரும் கேட்கவில்லை. முன்னதாகச் சுழல்பீரங்கிகளால் ஒரு தளத்தையே சல்லடையாக்கி, வீடுகளுக்குள் இருந்தோரை மா-மா கொன்றபோது அதைக் கொடுமை என்று காட்டிய படம், இதை உறுதிப்பாடு என்று காட்டுகிறது.

வணிகத்தில் படம் வெல்லவில்லை. உலக அளவில் ஈட்டியது சுமார் 4.1 கோடி டாலர்தான். முந்தைய படம் அதனினும் பன்மடங்கு ஈட்டியது. தொடர்ச்சி எடுக்கப்படாமல் போனதற்கு அதுவே காரணம். படத்தை உண்மையில் இயக்கியவர் கார்லண்டே என்று கார்ல் அர்பன் பின்னாளில் கூறியதும், கார்லண்ட் ‘எக்ஸ் மாகினா’ (2014) வழியாக இயக்குநராக அறியப்பட்டதும் இப்படத்தை மீண்டும் பார்க்க வைத்துள்ளன. அங்ஙனம் பார்ப்போர் கவசத்தையும் ஸ்லோ-மோவையும் வியந்துவிட்டுக் கடைசி ஓரிரு நிமிடங்களைக் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். தோற்றுவிட்டதாகக் கருதி ஆண்டர்சன் யாரிடமும் சொல்லாமல் விலகி நடக்கிறாள். தலைமை நீதிபதி அவளைப் பற்றிக் கேட்கிறார். துப்பாக்கியை இழந்தவள், குற்றவாளி ஒருவனை விடுவித்தவள் என்னும் இரண்டையும் ட்ரெட் அறிவான். விதிப்படி அவன் சொல்ல வேண்டிய விடையை அவனே காலையில் அவளிடம் கூறியிருக்கிறான். அவள் தேறிவிட்டாள் என்கிறான். படம் முழுவதும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவன் அதை மீறும் ஒரே இடம் இது. அப்போதும் கவசத்துக்குக் கீழே அவன் வாய் மட்டுமே தெரிகிறது.